பல்லவமல்லன்: அழைத்து அமர்த்தப்பட்ட அரசுரிமையும் இரண்டாம் நந்திவர்மனின் ஆட்சித் தெரிவுகளும்

முன்னுரை

இராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கம் சோழர் காலக் கல்வெட்டுகளில் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரால் குறிக்கப்பெறுகிறது. அவனிநாரணன் என்பது நந்திக்கலம்பகத்தின் பாட்டுடைத் தலைவனாகிய மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். பாலாற்று நீரை ஏற்று நிற்கும் அவ்வூர்ப் பேரேரியையும் அம்மன்னன் காலத்ததாகவே வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அவனது ஆறாம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள் காவேரிப்பாக்கத்திற்கு வடகிழக்கே, அரக்கோணத்தை அடுத்த வேலூர்ப்பாளையத்தில் கிடைத்தன. அவை அவன் தந்தை தந்திவர்மனையும், தந்தையைப் பெற்ற ரேவை என்னும் அரசியையும், பாட்டன் நந்திவர்மனையும் குறிக்கின்றன. பாட்டன், தந்தை, மகன் என ஒழுங்காக இறங்கிவரும் மரபு அது. ஊருக்குத் தன் பட்டப்பெயரை வழங்கும் உரிமையை மூன்றாம் நந்திவர்மன் பிறப்பால் பெற்றான்.

பாட்டனாகிய இரண்டாம் நந்திவர்மனுக்கு அவ்வுரிமை அவ்வாறு வரவில்லை. பல்லவமல்லன் என்னும் இயற்பெயருடைய அவன், முந்தைய அரசனின் மகன் அல்லன். அரியணையை எதிர்பார்த்து வளர்க்கப்பட்டவனும் அல்லன். ஏறத்தாழ கி.பி. 731-இல், பன்னிரண்டு வயதில், தொலைவிலிருந்து அழைத்து வரப்பெற்றுக் காஞ்சியில் முடி சூட்டப்பட்டான். அழைப்பை அவன் தமையன்மார் மறுத்தனர்; தந்தை தயங்கினார். அவ்வாறு தொடங்கிய ஆட்சி அறுபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் நீடித்தது.

பிறப்பால் உறுதிப்படாத அரசுரிமையை ஓர் அரசன் எவ்வாறு உறுதிப்படுத்தினான் என்பதே அவன் வாழ்வின் மையச் சிக்கல். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் சிற்ப விளக்கக் கல்வெட்டு, உதயேந்திரம், காசக்குடி, தண்டந்தோட்டம் ஆகிய ஊர்களில் கிடைத்த செப்பேடுகள், பகையரசர் வெளியிட்ட ஆவணங்கள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை அவ்வாழ்வை ஆராய்கிறது.

காஞ்சியில் ஏற்பட்ட வெற்றிடம்

கயிலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மனுக்குப்பின் அவன் மகன் இரண்டாம் பரமேசுவரவர்மன் அரசேறினான். அவன் ஆட்சி நீடிக்கவில்லை. சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் காஞ்சியின்மீது படையெடுத்துப் பரமேசுவரவர்மனிடம் திறை கொண்டதை உல்சாலக் கல்வெட்டு தெரிவிக்கிறது. சிறிது காலத்தில் பரமேசுவரவர்மன் இறந்தான். சிம்மவிஷ்ணுவிலிருந்து தொடர்ந்து வந்த தலைமை மரபு அத்துடன் அரியணையை விட்டு நீங்கியது.

அரசனற்ற நாடு பகைவர்க்கு எளிய இலக்கு. மேற்கே சாளுக்கியரும் கங்கரும், தெற்கே பாண்டியரும் தொண்டை மண்டலத்தின்மீது கண் வைத்திருந்த காலம் அது. இந்நெருக்கடியில் அரசனைத் தேடும் பொறுப்பை நாட்டின் நிறுவனங்களே ஏற்றன. மாத்ரர், மூலப்பிரகிருதிகள், கடிகையார் ஆகியோர் கூடி இரணியவர்ம மகாராசனிடம் சென்றதாக வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு கூறுகிறது. இவர்களுள் மூலப்பிரகிருதிகள் அரசின் அடிப்படை உறுப்புகளாக விளங்கியோர். கடிகையார் காஞ்சியின் புகழ்பெற்ற வடமொழிக் கல்வி நிறுவனத்தைச் சார்ந்தோர். ஆட்சியாளரும் கற்றோரும் இணைந்த தூதுக்குழுவாக இதனைக் கொள்ளலாம்.

இரணியவர்மன் ஆண்ட நிலப்பகுதி எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிறுவன் மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து வந்தான் என்னும் குறிப்பைக்கொண்டு, அந்நாடு பல்லவ நாட்டின் எல்லைக்கு அப்பால் நெடுந்தொலைவில் இருந்ததென்பர் ஒருசாரார். அதனைத் தென்கிழக்காசியாவில் வைத்துக் காண்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், காஞ்சிக்கு அறிமுகமற்ற ஒரு கிளை மரபிலிருந்து அரசன் வந்தான் என்பதில் ஐயமில்லை.

இரணியவர்மன் அவை

தூதுக்குழுவின் வேண்டுகோளைக் கேட்ட இரணியவர்மன் தன் குலத்து மல்லர்களை அழைத்து வினவினான். பின்னர்த் தன் மக்கள் நால்வரையும் வினவினான். ஸ்ரீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் அரசேற்க இசையவில்லை. நான்காமவனாகிய பல்லவமல்லன் தந்தையை வணங்கித் தான் செல்வதாகத் தெரிவித்தான்.

தந்தையின் தயக்கம் இவ்விடத்தில்தான் எழுகிறது. மகனுக்கு வயது பன்னிரண்டு. அவனை அனுப்புவது பகை சூழ்ந்த ஒரு நாட்டிற்கு, முந்தைய அரசன் திறை செலுத்திய ஒரு தலைநகருக்கு. மூத்தவர் மூவர் மறுத்த பொறுப்பை இளையவன்மீது சுமத்தலாமா என்னும் கேள்வி அத்தயக்கத்தில் அடங்கியுள்ளது. தரண்டிகொண்ட போசர் என்பார் தலையிட்டு, இச்சிறுவன் பேரரசனாவான் என எடுத்துரைத்தபின் இரணியவர்மன் இசைந்தான். தந்தை அளித்த படைக்கலங்களோடு பல்லவமல்லன் புறப்பட்டான்.

இந்நிகழ்ச்சியைக் கூறும் கல்வெட்டு நந்திவர்மனே எடுப்பித்த கோயிலில் உள்ளது. எனவே இதனை நடுநிலைச் சான்றாகக் கொள்ள இயலாது. அரசன் தன் வரவைப் பற்றி உலகம் எவ்வாறு அறியவேண்டும் என விரும்பினானோ அவ்வாறு அமைந்த கூற்று இது. அவ்வாறு நோக்குமிடத்து, இக்கூற்றின் ஒவ்வோர் உறுப்பும் ஓர் ஐயத்திற்கு விடையாக நிற்பது புலனாகும். தமையன்மார் மூவரும் மறுத்தனர் எனக் கூறுவதால் மூத்தோர் உரிமை பற்றிய வழக்கு அடைபடுகிறது. தந்தை தயங்கினார் எனக் கூறுவதால் ஆட்சியாசை இக்குடும்பத்தைச் செலுத்தவில்லை என்பது நிறுவப்படுகிறது. நாட்டின் நிறுவனங்களே தேடி வந்தன எனக் கூறுவதால் அரியணையைக் கவர்ந்தவன் என்னும் பழி நீங்குகிறது.

விடைகள் இவ்வளவு கவனமாக அமைந்திருப்பதே அவ்வினாக்கள் அக்காலத்தில் எழுந்தன என்பதற்குச் சான்று. நந்திவர்மனை அரியணையைக் கவர்ந்தவனாகக் கொண்ட ஆய்வாளர்களும் உளர். ஆனால் கவர்ந்த ஒருவன் பன்னிரண்டு வயதில் தானே அதனைச் செய்திருக்க இயலாது. அவனை முன்னிறுத்திய பெரியோர் குழு ஒன்று இருந்தாக வேண்டும். கல்வெட்டு காட்டும் தூதுக்குழு அத்தகையதொரு குழுவின் இருப்பை உறுதி செய்கிறது. அக்குழு நாடு முழுமைக்கும் பேசியதா, நாட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் பேசியதா என்பதே எஞ்சும் வினா. பின்னர் எழுந்த எதிர்ப்பு இரண்டாவதையே உணர்த்துகிறது.

முடிசூட்டு

காஞ்சியை நெருங்கிய சிறுவனைப் பல்லவடி அரையர் பெரும்படையுடன் எதிர்கொண்டு யானைமீதேற்றி அழைத்துச் சென்றார். நகர் புகுந்தபோது காடக முத்தரையர் உள்ளிட்டோர் வரவேற்றனர். அமைச்சர், மாசாமந்தர், நகரத்தார், உபயகணத்தார், கடிகையார் ஆகியோர் கூடி நந்திவர்மன் என்னும் அபிடேகப் பெயரிட்டு முடி சூட்டினர். சமுத்திரகோசம் என்னும் இசைக்கருவி, கட்வாங்கக் கொடி, இடப இலச்சினை, விடேல்விடுகு என்னும் ஆணைக்குறி ஆகிய பல்லவ அரச அடையாளங்கள் அவனுக்கு உரியனவாயின.

முடிசூட்டில் பங்கேற்றோர் பட்டியல் கூர்ந்து நோக்கத்தக்கது. தந்தை கையால் மகன் முடிபெறும் வழக்கமான காட்சி இங்கு இல்லை. அமைச்சரும் குறுநிலத் தலைவரும் வணிக நகரத்தாரும் கல்வியாளரும் சேர்ந்து ஒருவனை அரசனாக்குகின்றனர். இப்பட்டியல் அவனுக்கு வலிமையும் தந்தது. ஒரு மெலிவையும் உடன் தந்தது. பலர் கூடி அளித்ததைப் பலர் கூடித் திரும்பப் பெறவும் கூடும். பிறப்பைக் காட்டி ஒருவன் எதிர்த்து வந்தால், தெரிவைக் காட்டி அவனை எவ்வளவு காலம் தடுக்க இயலும் என்னும் கேள்வி அவ்வவையிலேயே எழுந்திருத்தல் வேண்டும்.

அரச அடையாளங்களின் இழப்பு

முடிசூட்டில் பெற்றவற்றுள் சிலவற்றை நந்திவர்மன் இளமையிலேயே இழந்தான். முன்பு இளவரசனாக வந்து திறைகொண்ட விக்கிரமாதித்தன் 733-34 அளவில் சாளுக்கிய அரசனானான். 744-45 வரை நீடித்த அவன் ஆட்சியில் காஞ்சி மீண்டும் தாக்கப்பட்டது. அப்போது நந்திவர்மனின் வயது பதினான்கிற்கும் இருபத்தாறுக்கும் இடைப்பட்டது. விக்கிரமாதித்தன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மன் 750-இல் வெளியிட்ட கேந்தூர்ச் செப்பேடுகள், நந்திபோதவர்மன் போரில் தோற்று ஓடியதையும், கடுமுக வாத்தியம், சமுத்திரகோசம், கட்வாங்கக் கொடி, யானைகள், மணிக்குவியல்கள் ஆகியன கைப்பற்றப்பட்டதையும் கூறுகின்றன.

இரு ஆவணங்களையும் ஒப்பிடுகையில் ஓர் உண்மை தெளிவாகிறது. காஞ்சிக் கல்வெட்டு முடிசூட்டில் வழங்கப்பட்டனவாகக் கூறும் சமுத்திரகோசமும் கட்வாங்கக் கொடியும் கேந்தூர்ச் செப்பேடுகளில் பகைவன் கைப்பற்றியவையாக இடம்பெறுகின்றன. மணியையும் யானையையும் இழப்பது செல்வ இழப்பு. பிறப்புரிமை ஐயத்திற்கு உட்பட்ட ஓர் இளைஞன் அரச அடையாளத்தை இழப்பது அதனினும் பெரிது. அவன் அரசன் என்பதைக் காட்டும் பொருள்களே அவனிடம் இல்லாமற் போயின.

வென்ற விக்கிரமாதித்தன் காஞ்சியை அழிக்கவில்லை. நகருட் புகுந்து இராசசிம்மேச்சுரத்தின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கோயிலுக்கே திரும்ப அளித்தான். கயிலாசநாதர் கோயில் தூணிலுள்ள கன்னடக் கல்வெட்டு இச்செய்தியைப் பதிவு செய்கிறது. அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயில், அவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக எழுந்தது. இவ்வருளும் பல்லவ அரசனுக்கு ஒரு சோதனையே. தன் முன்னோன் எடுப்பித்த கோயிலின் செல்வத்தைக் காத்தவன் என்னும் புகழ் பகைவனுக்குச் சென்றது. காக்க இயலாதவன் என்னும் நிலை தனக்கு வந்தது. அப்புகழைக் கூறும் பகைவனின் கல்வெட்டு காஞ்சிக் கோயிலிலேயே இன்றளவும் உள்ளது. சாளுக்கியர் திரும்பிச் சென்றபின் நந்திவர்மன் காஞ்சியை மீண்டும் தன் தலைநகராகக் கொண்டான்.

நந்திபுர முற்றுகை

மேற்கிலிருந்து வந்த பகை அரியணையின் பெருமையைக் குலைத்தது. தெற்கில் எழுந்த பகை அரியணைக்கே ஊறு விளைத்தது. கும்பகோணத்தை அடுத்த நாதன்கோயில் பகுதியே நந்திபுரம் என்பர். அங்குத் தமிழ் வேந்தர் கூடி நந்திவர்மனை முற்றுகையிட்டனர். முற்றுகையை உடைத்து அரசனை மீட்டவன் உதயசந்திரன் என்னும் படைத்தலைவன். வேகவதிக் கரையிலுள்ள வில்வலபுரத்தைத் தன் ஊராகக் கொண்ட பூசான் குடியினன் அவன். சித்திரமாயன் முதலியோரை அவன் கொன்று பல்லவமல்லனுக்கு அரசை நிலைபெறச் செய்ததாக உதயேந்திரம் செப்பேடுகள் கூறுகின்றன.

சித்திரமாயன் யார் என்பது முதன்மையான வினா. அவனைப் பல்லவ மரபினனாகவும், பரமேசுவரவர்மனின் வழியில் அரியணைக்கு உரிமை கோரியவனாகவும் ஆய்வாளர் பலர் கருதுவர். பாண்டியன் அவன் பக்கம் நின்றான் என்பதும் அவர்தம் கருத்து. இது உண்மையாயின், காஞ்சிப் பெரியோர் தெரிந்தெடுத்த சிறுவனுக்கு எதிராகப் பிறப்புரிமை பேசிய ஒருவன் களத்தில் நின்றான் என்றாகிறது. பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடுகளும் பல்லவமல்லனைப் பல களங்களில் வென்றதாக முதலாம் மாறவர்மன் இராசசிம்மனைப் புகழ்கின்றன. நெடுவயல், குறுமடை, மன்னிகுறிச்சி, திருமங்கை, பூவலூர், கொடும்பாளூர் ஆகியன அக்களங்களுட் சில. பல்லவத் தரப்பில் உதயசந்திரனும் பல களங்களில் வென்றதாகக் கூறப்படுகிறது. மண்ணைக்குடியில் பாண்டியர் படையை அவன் தோற்கடித்தான். ஒவ்வொரு தரப்பும் தன் வெற்றிகளை மட்டுமே கூறுவதால், காவிரிப் பகுதியில் எத்தரப்பும் முற்றாக வெல்லாத நீண்ட போராட்டம் நடந்ததெனக் கொள்வதே பொருந்தும்.

உதயசந்திரன் பணி தெற்கோடு முடியவில்லை. நெல்வேலியில் சபர வேந்தன் உதயணனை வென்று அவனது மயிற்பீலிக் கண்ணாடிக் கொடியைக் கைப்பற்றினான். வடக்கே குதிரை வேள்விக்குரிய குதிரையைத் தொடர்ந்து வந்த நிடதர் தலைவன் பிருதிவிவியாக்கிரனைத் தோற்கடித்து, விஷ்ணுராசனின் நாட்டிலிருந்து வெளியேற்றினான். சமுத்திரகோசத்தையும் கட்வாங்கக் கொடியையும் இழந்த அரசனுக்கு அவன் படைத்தலைவன் பகைவரின் கொடியைக் கொண்டுவந்து சேர்த்தான்.

தன் உயிரையும் அரசையும் மீட்ட படைத்தலைவனை ஓர் அரசன் எவ்வாறு நடத்துவது என்பது எக்காலத்தும் கடினமான முடிவு. அத்தகையவனை அஞ்சி ஒதுக்கிய அரசர் வரலாற்றில் பலர். நந்திவர்மன் வேறு வழியைத் தெரிந்தான். இருபத்தோராம் ஆட்சியாண்டில் உதயசந்திரன் விண்ணப்பத்தின்பேரில் குமாரமங்கல வெள்ளட்டூரை 108 அந்தணர்க்குப் பிரமதேயமாக வழங்கி, அவ்வூருக்கு உதயசந்திரமங்கலம் எனப் படைத்தலைவன் பெயரையே இட்டான். பாலாற்றங்கரையில் வாணியம்பாடியை அடுத்த இன்றைய உதயேந்திரம் அப்பெயரின் வழிவந்தது. சந்திரனைக் குறிக்கும் இந்து என்னும் சொல் அப்பெயரில் கலந்துள்ளது. அரசனுக்குரிய புகழுரை மரபில் படைத்தலைவனின் குடியும் ஊரும் களங்களும் விரிவாகப் பாடப்பெறுவதற்கு அரசன் இடமளித்துள்ளான். தன் அரசு பிறர் துணையால் நின்றது என்பதை மறைக்காமல் அறிவித்ததே அவன் பெற்ற முதிர்ச்சியின் அடையாளம்.

ஓராண்டு இடைவெளியில் இரு பிறப்புரைகள்

உதயேந்திரம் செப்பேடுகளும் காசக்குடிச் செப்பேடுகளும் ஓராண்டு இடைவெளியில் எழுந்தவை. முன்னவை இருபத்தோராம் ஆட்சியாண்டையும் பின்னவை இருபத்திரண்டாம் ஆட்சியாண்டையும் சார்ந்தவை. ஆயினும் அரசன் பிறப்பைப் பற்றி இரண்டும் வெவ்வேறு கூறுகின்றன. உதயேந்திரம் செப்பேடுகள் அவனை இரண்டாம் பரமேசுவரவர்மனின் மகனாக்குகின்றன. காசக்குடிச் செப்பேடுகள் அவன் மரபைச் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனிலிருந்து தொடங்குகின்றன. பீமவர்மன், புத்தவர்மன், ஆதித்தியவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன் என இறங்கி, இரணியவர்மனுக்கும் ரோகிணிக்கும் பிறந்த மகனாக அவனைக் காட்டுகின்றன. குடிமக்களால் தெரிந்தெடுக்கப்பட்டவன் என்பதையும் அவை சேர்த்துக் கூறுகின்றன.

இம்முரண் ஆய்வாளரை நெடுங்காலமாக எதிர்கொண்டு வருவது. உதயேந்திரம் செப்பேடுகள் பிற்கால எழுத்தமைதியில் படியெடுக்கப்பட்டவை. எனவே படியெடுத்தோர் பிழை இதற்குக் காரணம் என்பது ஒரு விளக்கம். அரியணையில் அடுத்து வந்தவனை மகன் எனக் கூறும் சடங்கு வழக்கே காரணம் என்பது மற்றொன்று. எவ்விளக்கத்தை ஏற்பினும், முடிசூடி இருபது ஆண்டுகள் கடந்தும் அரசன் பிறப்பு ஒரே வடிவில் உரைக்கப்படவில்லை என்பது தெளிவு.

காசக்குடிச் செப்பேடுகள் தரும் விடை இரு கூறுகளை உடையது. கிளை மரபினன் ஆயினும் பல்லவனே என்பது முதற்கூறு. மக்கள் தெரிவும் அவன்பால் உண்டு என்பது இரண்டாம் கூறு. தலைமை மரபின் மகன் என்னும் எளிய புனைவைக் கைவிட்டு உள்ளதை உள்ளவாறே கூறி, அதனையே பெருமையாக்கும் நிலைக்கு அரசவை வந்துள்ளமை இதனால் அறியப்படும். ஏறத்தாழ முப்பத்துமூன்று வயதில் நந்திவர்மன் எய்திய தன்னம்பிக்கையை இம்மாற்றம் காட்டுகிறது எனலாம்.

பகையை உறவாக்கல்

எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தக்காணத்தின் நிலை மாறியது. தந்திதுர்க்கன் தலைமையில் இராட்டிரகூடர் எழுந்து சாளுக்கியர் வலிமையை ஒடுக்கினர். தந்திதுர்க்கன் வென்றோருள் காஞ்சி வேந்தனும் ஒருவன் என இராட்டிரகூட ஆவணங்கள் கூறும். எல்லோராவின் தசாவதாரக் குகைக் கல்வெட்டும் காஞ்சி வெற்றியைக் குறிக்கிறது. நந்திவர்மனுக்கு முன் இரு வழிகள் இருந்தன: மேற்கிலிருந்து வந்த புதிய வலிமையைப் பழைய பகையின் தொடர்ச்சியாகக் கருதிப் போரிடுவது, அல்லது சாளுக்கியரை வீழ்த்திய அவ்வலிமையோடு இணைவது. அவன் இரண்டாவதைத் தெரிந்தான். அவன் அரசி ரேவை இராட்டிரகூட இளவரசி எனவும், அவள் மகன் தந்திவர்மன் பெயர் தந்திதுர்க்கன் பெயரை ஒட்டியது எனவும் வரலாற்றாசிரியர் கருதுவர். தன்னை வென்றவன் குடியின் பெயரைத் தன் மகனுக்கு இடுவது பெருமித உணர்வுக்கு எளிதன்று. ஆனால் மகனுக்கு அரசுரிமை பற்றிய ஐயம் எழாதிருக்க, தாய்வழியில் வலிய ஒரு குடி பின்னிற்பது தேவையாயிற்று. தனக்கு வாய்க்காத பாதுகாப்பை மகனுக்கு அவன் அமைத்தான்.

கங்கர்பால் அவன் நடந்துகொண்ட முறையும் காலப்போக்கில் மாறியது. ஐம்பத்தெட்டாம் ஆட்சியாண்டுத் தண்டந்தோட்டச் செப்பேடுகள், உக்கிரோதயம் என்னும் மணி பதித்த ஆரத்தைக் கங்க வேந்தனிடமிருந்து அவன் பறித்ததைக் கூறுகின்றன. சிவமாறன் என்னும் கங்க இளவரசன் அரசேறியபோது இராட்டிரகூடக் கோவிந்தனும் பல்லவ நந்திவர்மனும் அவன் நெற்றியில் பட்டம் கட்டினர் என்னும் குறிப்பு கங்கச் செப்பேடுகளில் உண்டு. பிறர் கூடி முடி சூட்டிய சிறுவன், முதுமையில் பிறன் ஒருவனுக்குப் பட்டம் கட்டும் நிலையை எய்தினான்.

பாண்டியருடன் மட்டும் உறவு அமையவில்லை. பராந்தக நெடுஞ்சடையன் காவிரித் தென்கரைப் பெண்ணாகடத்தில் காடவனை வென்றதாக வேள்விக்குடிச் செப்பேடுகள் கூறுகின்றன. கொங்கில் அதிகமானுக்குத் துணையாகப் பல்லவனும் சேரனும் நின்றும் பாண்டியன் முன்னேற்றத்தைத் தடுக்க இயலவில்லை. நந்திவர்மனின் தெரிவுகள் யாவும் வெற்றியில் முடிந்தனவல்ல என்பதற்கு இது சான்று.

நீரும் நிலமும் சமயமும்

போர்க்களத்திற்கு அப்பால் அவன் அரசு எவ்வாறு இயங்கியது என்பதைக் காசக்குடிச் செப்பேடுகளின் தமிழ்ப்பகுதி விளக்குகிறது. தலைமை அமைச்சன் பிரமஸ்ரீராசன் விண்ணப்பத்தின்பேரில் ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊர், அரசன் பட்டப்பெயரால் ஏகதீரமங்கலம் எனப் பெயர் மாற்றப்பெற்று, சேட்டபாத சோமயாசி என்பார்க்கு வழங்கப்பட்டது. சேயாறு, வெஃகா, திரையன் ஏரி ஆகியவற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் கொள்ளும் உரிமை அதில் வரையறுக்கப்படுகிறது. செக்கு, தறி முதலியவற்றின்மீதான பல்வகை இறைகளிலிருந்து ஊர் விலக்குப் பெறுகிறது. நீருரிமையை எழுத்தில் வரையறுத்துக் கொடுக்கும் அரசு, பெற்றோர்க்குத் தன் நிலைபேற்றில் பங்களிக்கிறது. அவ்வரசு வீழ்ந்தால் அவர் உரிமையும் ஐயத்திற்குள்ளாகும்.

அரசன் திருமால் அடியவன். ஆயினும் பிற சமயத்தார் அறப்பணிகள் அவன் ஆட்சியாண்டையே தமக்குக் காலக்கணக்காகக் கொண்டன. ஆர்க்காட்டை அடுத்த பஞ்சபாண்டவர் மலையில், நந்திப்போத்தரசரின் ஐம்பதாம் ஆட்சியாண்டில், நாகநந்தி குரவர்க்காகப் பொன்னியக்கியார் உருவத்தை நாரணன் என்பான் செதுக்குவித்தான். பாலாற்றுப் பகுதியில் சமணம் தடையின்றி வாழ்ந்தமைக்கு இச்சிறு கல்வெட்டு சான்று. தண்டந்தோட்டத்தில் 308 அந்தணர்க்கு வழங்கப்பட்ட கொடையில் பாரதம் வாசிப்போர்க்கும் பங்கு ஒதுக்கப்பட்டது. உடன்பிறந்தார் மக்களுக்கிடையே அரசுரிமை பற்றி எழுந்த பெரும்போரைக் கூறும் அந்நூலை ஊரவையில் வாசிக்கச் செய்த ஆட்சி, கிளை மரபினன் ஒருவனின் ஆட்சி என்பது கருதத்தக்கது.

கல்லில் அமைந்த விடை

பரமேச்சுர விண்ணகரம் எனப்படும் வைகுண்டப் பெருமாள் கோயிலைக் காஞ்சியில் எடுப்பித்ததே நந்திவர்மனின் நிலைத்த செயல். கோயிலின் சுற்றுத் திருநடைச் சுவர்களில் பல்லவர் வரலாறு முழுவதும் சிற்ப வரிசைகளாக அமைந்துள்ளது. திருமால், பிரமன், அங்கிரசு, பிருகற்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன் எனத் தொடங்கி, ஒவ்வோர் அரசன் முடிசூட்டும் போரும் தொடர்கின்றன. அவ்வரிசையில் தூதுக்குழு வருகை, தமையன்மார் மறுப்பு, சிறுவன் பயணம், வரவேற்பு, முடிசூட்டு ஆகியன தமிழ் விளக்கக் குறிப்புகளோடு இடம்பெறுகின்றன. இச்சிற்பங்களை முறைப்படி ஆராய்ந்து சி. மீனாட்சி எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. நந்திவர்மன் பற்றிய பிற்கால ஆய்வுக்கு அதுவே அடித்தளம்.

பிறப்புரிமை உடைய அரசனுக்கு மரபுப் பட்டியல் ஒன்றே போதும். தெரிவால் வந்த அரசனுக்குக் கதை தேவை. மரபுப் பட்டியலையும் தெரிவுக் கதையையும் நந்திவர்மன் ஒரே சுவரில் இணைத்தான். சுவரைச் சுற்றி வருவோர் இறைவனிலிருந்து இறங்கிவரும் மரபைக் கண்டு, இடையறவின்றித் தூதுக்குழுவின் காட்சியை வந்தடைவர். மரபு அறுந்த இடம் சிற்ப வரிசையில் அறுந்ததாகத் தோன்றாது. செப்பேடு சிலர் கையில் இருப்பது; எழுத்தறிந்தோர்க்கே பொருள் தருவது. கோயிற் சுவர் வழிபட வருவோர் யாவர்க்கும் பொது. திருமங்கையாழ்வார் இக்கோயிலைப் பாடிய திருமொழியில் பல்லவமல்லனின் களவெற்றிகளையும் சேர்த்துப் பாடியதால், அவ்விடை வழிபாட்டின் பகுதியாகவும் ஆயிற்று.

தமையன்மார் மறுப்பையும் தந்தையின் தயக்கத்தையும் மறைத்திருக்க அவனால் இயலும். மறைக்காமல் கல்லில் அமைத்தான். அரசு என்பது அஞ்சத்தக்க சுமை என்பதை அறிந்தே மூவர் மறுத்தனர். அதனை அறிந்தும் அறியாமலும் ஒரு சிறுவன் ஏற்றான். அச்சுமையை நெடுங்காலம் சுமந்த பின்னரே அக்காட்சிக்கு உரிய பொருள் அமைந்தது.

முடிவுரை

இரண்டாம் நந்திவர்மனின் அறுபத்தைந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு மாமல்லபுரத்தில் உள்ளது. பன்னிரண்டு வயதில் அரசேறியவன் எழுபத்தேழு வயதளவில் இன்னும் அரசனாக இருந்தான் என்பதை அது காட்டுகிறது. அவனுக்குப்பின் மகன் தந்திவர்மன் அரசேற்றான். அரசனைத் தேடி எத்தூதுக்குழுவும் செல்லவேண்டிய தேவை அப்போது எழவில்லை.

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, நந்திவர்மன் வரவு பற்றிய கோயிற் கல்வெட்டு நிகழ்ச்சிக் குறிப்பாக மட்டுமன்றி, அரசுரிமை வழக்கிற்கு அளிக்கப்பட்ட விடையாகவும் படிக்கத்தக்கது. இரண்டாவது, உதயேந்திரம், காசக்குடிச் செப்பேடுகளின் முரணை வெறும் பிழையாக ஒதுக்காமல், அரசுரிமை விளக்கம் உருப்பெற்றுக்கொண்டிருந்த காலத்தின் தடமாகவும் கொள்ளலாம். மூன்றாவது, படைத்தலைவன் பெயரை ஊருக்கு இட்டமை, வென்றவன் குடியில் மணவுறவு கொண்டமை, நீரும் நிலமும் வரையறுத்து வழங்கியமை, மறுப்பையும் தயக்கத்தையும் சுவரில் பொறித்தமை ஆகியன தனித்தனிச் செயல்கள் அல்ல. பிறப்பு தராத உறுதியைத் தேடிய ஒரே முயற்சியின் கூறுகள்.

பாலாறு உதயேந்திரத்தைக் கடந்து, காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீரளித்து, காஞ்சியின் தென்புறமாகக் கடலை நோக்கிச் செல்கிறது. உதயேந்திரம் பாட்டன் தன் படைத்தலைவனுக்குப் பட்ட கடனின் பெயர்; அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் பேரன் தயக்கமின்றி இட்ட தன் பெயர். முதற்பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து இரண்டாம் பெயரைத் தாங்கிய ஊர்வரை உள்ள இடைவெளியில், அழைத்து அமர்த்தப்பட்ட ஓர் அரசுரிமை மரபுரிமையாக மாறியது.